மிஸ்ஸிங் என்றால்

லாண்டரி நோட்டின் முன்பக்கம் ஹோட்டலுக்கு:
விரிப்பு முப்பத்திரண்டு, தலையணை உறை அறுபத்து நாலு,
கறை பட்டது மூன்று.
பின்பக்கம் எனக்கு. அங்கிருந்து தலைகீழாய்
இங்கிலீஷ் எழுதிக்கொண்டு வருகிறேன்.
நடுவில் எங்கோ ஒருநாள்
இரண்டும் முட்டிக்கொள்ளும்.

முதல் சொல் காம்ப்ளிமென்டரி.
தண்ணீர் பாட்டிலின் கழுத்தட்டையில் இருந்தது.
கம்ப்ளெயின்ட் என்று படித்துவிட்டு
புகார் வந்த பாட்டில் என்று
பத்து நாள் அலமாரிக்கடியில் ஒதுக்கி வைத்தேன்.
‘இலவசம்னு அர்த்தம் பாண்டிமீனா’
மேனேஜர் ஜெரால்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.
அப்படியானால் ஃப்ரீ?
ஃப்ரீ, ரேஷன் கடையில்.
கானாடுகாத்தானில் காம்ப்ளிமென்டரி.
ஆள் ஒன்றுதான், இஸ்திரி போட்டிருக்கிறது.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில்
எழுபது ரூபாய்க்கு அகராதி.
பள்ளத்தூரிலிருந்து வருகையில்
உட்கார இடம் கிடைத்தால் நாலு சொல்,
நின்றால் ஒன்று,
படியில் தொங்கினால் நேற்றையதே.

ஃபைன் என்றால் நலம். ஃபைன் என்றால் அபராதம்.
இஸ்திரிப் பெட்டியில் டவல் கருகிய மாதம்
சம்பளத்தில் முந்நூறு பிடித்தார்கள்.
எப்படியிருக்கிறாய் என்று கேட்ட விருந்தாளியிடம்
ஃபைன் என்றேன்.
பொய்யே சொல்லவில்லை.

வெள்ளைப் பணியாரத்தைப் பிட்டுவிட்டு
லவ்லி, டிலைட்ஃபுல், டிவைன் என்று
கால் மணி நேரம் பேசினார் ஒருவர்.
அடுப்படியில் முத்தாத்தாள் அக்காவுக்குச் சொன்னேன்:
‘நல்லாருக்காம்.’
‘இம்புட்டு நேரம் அதையா பேசுனான்?’

தை பிறந்த வாரம். பன்னிரண்டாம் அறை.
பெல்ஜியத்து அம்மாவின் நீலக்கல் கம்மல்
ஒற்றை மட்டும் இருந்தது.
மிஸ்ஸிங், என்றார் அவர். இரண்டு தடவை.

ஆபீஸ் அறையில் ஜெரால்டு சார் எழுதிய தாளை
மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று
தலைகீழாகப் படித்தேன். அது எனக்குப் பழக்கம்.
ஸ்டோலன்.
அதற்குக் கீழே, அழகான கையெழுத்தில்,
அறையைச் சுத்தம் செய்தவர் பெயர்.

அகராதியில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரிகள்தான்.
லாஸ்ட் என்றால் தொலைத்தவர் ஒருத்தர் உண்டு.
ஸ்டோலன் என்றால் எடுத்தவர் ஒருத்தர் உண்டு.
மிஸ்ஸிங்கில் யாருமே இல்லை,
கம்மல் தானாக எழுந்து போயிருக்கிறது.

‘சார், அந்தம்மா சொன்னது மிஸ்ஸிங்.’
‘ரெண்டும் ஒண்ணுதானம்மா.’
‘இல்ல சார். ரெண்டுக்கும் நடுவுல
நான் நிக்கிறேன்.’

அவர் பேனாவைத் தரவில்லை.
நோட்டில் செருகியிருந்த என் பேனாவால்
அவர் சொல்லைக் குறுக்கே அடித்து
மேலே எழுதினேன்.
எஸ் இரண்டு என்று தெரியும்.
கை நடுங்கி ஒன்று சாய்ந்துவிட்டது.

சாயங்காலம் லாண்டரி மூட்டையில்
ஒவ்வொரு உறையாக உதறினோம்.
நாற்பத்தோராவதில்
தையலோரம் கொக்கி மாட்டித் தொங்கியது.
முன்பக்கத்தில் பதிந்தேன்:
உறை அறுபத்து நாலு, கம்மல் ஒன்று.

அந்தம்மா என் இரு கைகளையும் பிடித்து
அகராதியில் நான் இன்னும் எட்டாத
ஏதோ ஒரு சொல்லைச் சொன்னார்.
ஜெரால்டு சார் தாளைக் கிழித்தார்.
‘லீவ் இட், பாண்டிமீனா.’

எனக்குத் தெரிந்த லீவ், விடுமுறை.
இன்னொன்று, கிளம்பு.
ராத்திரி தேடினேன். விட்டுவிடு என்றும் உண்டாம்.
யார் எதை விடவேண்டும் என்று
போடவில்லை.

சாரி என்று எழுதி
எதிர்ச்சொல் கட்டத்தைக் காலியாக வைத்தேன்.
அவர் அதைச் சொல்லியிருந்தால்
எதிரே என்ன வரும் என்று
கேட்டுப் பார்த்திருக்கலாம்.

காலையில் விடுப்புக் கடிதம், ஒரு நாளைக்கு.
இங்கிலீஷில், முதல்முறை.
காரணம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து
மிஸ்ஸிங் என்று எழுதினேன்.
இரண்டு எஸ்ஸும் நேராக நின்றன.